படையலுக்கு வெளியே இரண்டு டம்ளர்

1

எங்கள் பீர் ஆலையில் ருசி பார்க்கும் குழுவிலிருந்து கொஞ்ச நாள் விலகி இருப்பதற்கு ஒரு படிவம் உண்டு. சளி, காய்ச்சல், பல் வைத்தியம், கர்ப்பம் என்று வரிசையாகக் கட்டம் போட்டிருப்பார்கள். கடைசியில் 'வேறு காரணம்' என்று ஒரே ஒரு வரி. ஊரிலிருந்து திரும்பிய வாரம் அந்தப் படிவத்தை முன்னால் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். என் காரணம் ஒரு வரியில் அடங்காது. அடங்கினாலும் டேனிஷில் எழுத வராது. பதினொரு வருடமாக இந்த மொழியில் சம்பளம் வாங்குகிறேன், வரி கட்டுகிறேன், பக்கத்து வீட்டுக்காரனோடு குப்பைத் தொட்டிக்குச் சண்டை போடுகிறேன். ஆனால் செத்தவர்களைப் பற்றி ஒரு வாக்கியம்கூட இந்த மொழியில் நான் பேசியதில்லை.

'குடும்பம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மீதியை உங்களுக்கு எழுதுகிறேன். ஆவடி, அம்பத்தூர்ப் பக்கம் இருப்பவர்கள் என்னைப் பைத்தியம் என்று சொல்வதற்கு முன்னால் ஒரு நிமிடமாவது யோசிப்பார்கள்.

2

என் வேலையைச் சொன்னால் ஊரில் யாரும் நம்புவதில்லை. டென்மார்க்கில் கடலோரத்துச் சின்ன ஊர் ஒன்றில், பழம் போட்ட புளிப்பு பீர் செய்கிறார்கள். அதைக் குடித்துப் பார்த்து நன்றாக இருக்கிறதா என்று சொல்வது அல்ல என் வேலை. போன தடவை இருந்தது போலவே இருக்கிறதா என்று சொல்வது. இட்லி மாவைப் புளிக்க வைக்கிற கிருமியின் ஒன்றுவிட்ட தம்பிதான் எங்கள் தொட்டியிலும் உழைக்கிறான். அவன் வேலையை முடித்ததும் பழக்கூழைக் கொட்டி இன்னொரு முறை நொதிக்க விடுவோம். ராஸ்பெரி, செர்ரி, பிளம் எல்லாம் இந்த ஊர்ப் பக்கத்துச் சரக்கு. மாம்பழக்கூழ் மட்டும் கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து தகர டின்னில் வருகிறது. நான் இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் அந்த டின்மேல் ஒட்டியிருந்த ஊர்ப் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுக் கிடங்கிலேயே நின்று அழுதேன். இப்போது அழுவதில்லை. டின்னைத் திறந்து புளிப்பு எவ்வளவு என்று அளக்கிறேன்.

ஒரு தடவை நல்ல பீர் எவன் வேண்டுமானாலும் செய்துவிடலாம். ஆறு மாதம் கழித்து அதே பெயரில் அதே பீர் வருகிறதா என்பதில்தான் ஒரு ஆலையின் யோக்கியதை இருக்கிறது. பழம் போட்டால் அது இன்னும் கஷ்டம். மழை பெய்த வருடத்து மாம்பழம் ஒன்று, காய்ந்த வருடத்து மாம்பழம் வேறொன்று. அதனால் ஒவ்வொரு தொட்டியையும் கண்ணைக் கட்டாத குறையாகச் சோதிப்போம். மற்ற ஆலைகளின் டின்களையும் மாதத்துக்கு ஒன்றாகக் கடையில் வாங்கி வைத்து, மூன்று மாதச் சரக்கை ஒன்றாகச் சோதிப்போம். பெரிய பெயர் எடுத்த ஆலைகள் அங்கே பல்லிளிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

சோதனை முறை எளிது. தனித்தனி அடைப்பில் உட்கார வேண்டும். பேசக் கூடாது. நிறம் தெரிந்துவிடாமல் இருக்கச் சிவப்பு விளக்கு மட்டும் எரியும். (சிவப்பு விளக்கு அறையில் வேலை என்று அக்காவிடம் ஒரு தடவை சொல்லிவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.) மூன்று கோப்பைகள் வரும், ஒவ்வொன்றிலும் ஒரு மூன்று இலக்க எண். இரண்டில் ஒரே பீர், ஒன்றில் வேறு. எது வேறு என்று எழுத வேண்டும். தெரியவில்லை என்று எழுத இடமில்லை. தெரியாவிட்டாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

3

அப்பாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வால்வு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. காலை முதல் மாலை வரை ஒவ்வொரு வால்வையும் எடுத்து அளவு பார்த்து, சரி, சரியில்லை என்று இரண்டு பெட்டியில் போடுவார். பருத்திப்பட்டு ஏரிக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் ஒரு குவாட்டர் பிராந்தி, கூட வஞ்சிரம் வறுவல். வருடக்கணக்கில் ஒரே பிராந்தி, ஒரே டம்ளர், ஒரே நாற்காலி. ஆனால் முதல் மடக்கிலேயே முகம் சுளிப்பார்.

"டேய் பாலு, இது போன வாரத்துது இல்லடா."

"அதே பாட்டில்தான்பா."

"பாட்டில் அதே. உள்ள கீறவன் வேற."

குடிகாரப் பேச்சு என்று நாங்கள் சிரிப்போம். எனக்கு இந்த வேலை கிடைத்த பிறகுதான் அவர் நாக்கு எப்பேர்ப்பட்டது என்று புரிந்தது. அவரிடம் சொன்னேன், இங்கே இதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று. "பழ ஜூஸ்ல பீரு கலந்து விக்கிறவனுக்கு நாக்கு ஒரு கேடா?" என்று சொல்லிவிட்டு, அடுத்த முறை வரும்போது ஒரு டின் எடுத்து வரச் சொன்னார். நான் எடுத்துப் போகவில்லை. ஒவ்வொரு முறையும் பெட்டியில் இனியாவின் துணி, சாக்லேட், யாருக்கோ வாங்கிய வாசனைத் திரவியம் என்று இடம் போய்விட்டது.

இனியா என் மகள். அவளுக்குப் பதினொரு வயது. இங்கே பிரதமரைக்கூட நீ என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பழக்கத்தில் அவளும் கைபேசியில் "தாத்தா, நீ சாப்ட்டியா?" என்று கேட்பாள். நான் அதட்டினால் அப்பா என்னைத்தான் திட்டுவார். "இருக்கட்டும் விடுடா. அப்பத்தான் பேத்தி பேசற மாரி கீது."

4

போன வருடம் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது என் வசிப்பு அனுமதி அட்டை புதுப்பிக்கப் போயிருந்தது. அந்த நேரத்தில் நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்பி உள்ளே வரத் தனியாக ஒரு தாள் வேண்டும். அந்தத் தாளுக்கு எழுதிப் போட்டேன். இன்னாருடைய மகன் என்று நிரூபிக்கச் சொன்னார்கள். என் பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயருக்கு முன்னால் இனிஷியல் ஒரு எழுத்து, அவருடைய ஆஸ்பத்திரிக் காகிதத்தில் முன்னால் இரண்டு எழுத்து. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நான் விளக்கம் எழுதினேன். அவர்கள் மரியாதையாகப் பதில் எழுதினார்கள். யாரும் தவறு செய்யவில்லை. தாள் வந்தபோது அப்பா போய் நான்கு நாள் ஆகியிருந்தது. சித்தப்பா மகன் கொள்ளி வைத்ததைக் கைபேசியில் பார்த்தேன். அதற்குப் பிறகு எந்த முகத்தோடு போய் நிற்பது என்று கருமாதிக்கும் போகவில்லை.

தாள் இல்லாமலேயே போயிருக்கலாம். திரும்பி வர முடிந்திருக்கும், முடியாமலும் இருந்திருக்கும். நான் கணக்குப் போட்டேன், போகவில்லை. இதை இதுவரை யாரிடமும் இப்படிச் சொன்னதில்லை.

எரித்த மறுநாள் வீட்டில் இருக்க முடியாமல் வேலைக்குப் போனேன். அன்றைக்கு மாம்பழ பீர். சிவப்பு வெளிச்சத்தில் மூன்று கோப்பைகள். இரண்டில் மாம்பழம் இருந்தது. மூன்றாவதில் புளிப்பு இருந்தது, நுரை இருந்தது, மாம்பழம் இல்லை. யாரோ உறிஞ்சி எடுத்துவிட்டது போல மாம்பழம் மட்டும் இல்லை. ஒரு வாயில் தெரிந்தது. எழுதிக் கொடுத்தேன். சோதனையை நடத்துகிற மெட்டே என்ற பெண் மாலையில் என்னிடம் வந்து, அன்றைக்கு எங்களைச் சோதிப்பதற்காக மூன்று கோப்பையிலும் ஒரே பீப்பாயிலிருந்து ஊற்றியதாகச் சொன்னாள். மற்ற ஐந்து பேரும் ஆளுக்கொரு எண்ணைக் குருட்டாம்போக்கில் எழுதி, பக்கத்தில் 'ஊகம்' என்று குறித்திருந்தார்கள். நான் மட்டும் 'உறுதி' என்று எழுதியிருந்தேன். "துக்கத்தில் நாக்கு மரத்துப்போகும்" என்று ஆறுதல் சொன்னாள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். ஆனால் மரத்துப்போன நாக்குக்கு மற்ற இரண்டு கோப்பையில் மட்டும் எப்படி ருசி தெரிந்தது என்பது எனக்குப் புரியவில்லை.

5

வருடத் திதிக்கு நான் மட்டும் போனேன். இனியா வர மறுத்துவிட்டாள். "தாத்தா இல்லாம எனக்கு அங்க யாரைத் தெரியும்?" என்று டேனிஷில் கேட்டாள். அவளுடைய தமிழ் கொஞ்சம் கொஞ்சமாக அப்பாவோடு போய்க்கொண்டிருக்கிறது. அவளிடம் தமிழில் பேசி, தப்பைப் பார்த்துச் சிரிக்க இப்போது ஆள் இல்லை.

இந்த முறை பெட்டியில் முதலில் வைத்தது மாம்பழ பீர் நான்கு டின். ஸ்வெட்டரில் சுற்றி வைத்திருந்தேன். மீனம்பாக்கத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்ன அதிகாரி டின்மேல் இருந்த மாம்பழப் படத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா சார், மாங்கா ஜூஸ வெளிநாட்லேர்ந்து எட்த்தாரீங்க?" என்று சிரித்துப் பெட்டியை மூடினார்.

வீட்டு வாசலில் தேவி அக்கா நின்றிருந்தாள். என்னைவிட ஆறு வயது மூத்தவள். கல்யாணத்துக்குப் பிறகும் பக்கத்துத் தெருவிலேயே இருந்தவள். அம்மா போன பிறகு கணவரோடு இந்த வீட்டுக்கே வந்து அப்பாவைப் பார்த்துக்கொண்டவள்.

"வந்துட்டியா? ஒரு வருசம் லேட்டு" என்றாள்.

சாப்பாடு போட்டாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து மீதியையும் சொன்னாள். "கடைசி மூணு நாளும் கதவையே பாத்துகினு இருந்தாருடா. நர்ஸு உள்ள வந்தாக்கூட பாலுவான்னு கேட்டாரு. அப்பால கேக்கறத உட்டுட்டாரு. மொகத்த அந்தாண்ட திருப்பிகினாரு. உன் மேல வருத்தத்தோடதான் போனாரு. உனக்காக நான் பொய் சொல்ல மாட்டேன்."

என்ன பேசுவது? என் இனிஷியல் பிரச்சினையையும் அட்டையையுமா?

அக்கா கணவரான மாமா பேச்சை மாற்றினார். ஆவடியில் பேட்டரிக் கடை வைத்திருக்கிறார், யார் அழுதாலும் தாங்க மாட்டார். "மச்சான், ஒண்ணு சொல்றேன், சிரிக்காத. கருமாதி அன்னிக்குப் படையல்ல வெச்ச குவாட்டர அப்பால நாந்தான் குடிச்சேன். சத்தியமா சொல்றேன், பச்சத் தண்ணி. நாத்தம்கூட இல்ல. கிழவன் ஒரு சொட்டு உடாம எட்த்துகினு போய்ட்டாரு."

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் படைத்து, கற்பூரம் காட்டிவிட்டு, எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவார்கள். அவர் வந்து சாப்பிட்டுப் போகப் பத்து நிமிடம் கொடுத்து, மூன்று தடவை தட்டிவிட்டுத் திறப்பார்கள். படையல் சோற்றில் உப்பு சப்பு இருக்காது, சாரத்தை அவர் எடுத்துக்கொண்டுவிடுவார் என்பார்கள். சின்ன வயதிலிருந்து கேட்ட பேச்சுதான். ஆனால் மாமா சொன்னபோது அந்தச் சிவப்பு வெளிச்சமும் மூன்றாவது கோப்பையும் ஞாபகம் வந்தன. பத்து நிமிடத்தில் பிராந்தி தண்ணீர் ஆகாது. அது எனக்குத் தொழில் ரீதியாகத் தெரியும்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான். படையலில் என் பீரை வைத்துச் சோதித்துப் பார்க்கலாமா என்று அக்காவிடம் கேட்டேன்.

"செத்தவருக்கே பரீட்ச வெக்கிறியா?" என்றாள்.

"அவருக்கு இல்லக்கா, எனக்கு. நான் எட்த்தாந்தத அவரு தொடுவாரா இல்லையான்னு எனக்குத் தெரிஞ்சாவணும். வருத்தம்னா வருத்தம். தெரிஞ்சிகினு போறேன்."

அவள் சரி என்றாள். அவளுக்கும் தெரிய வேண்டியிருந்தது.

6

திதி அன்று மதியம் வெயில் கொளுத்தியது. ஏரிப் பக்கமிருந்து காற்றே இல்லை. உள் அறையில் அப்பா படத்துக்கு மாலை, கீழே தலைவாழை இலை, கறிக்குழம்பு, வஞ்சிரம், அவித்த முட்டை, ஒரு பாக்கெட் சிகரெட், மூடி திறந்த குவாட்டர்.

ஒரே மாதிரி மூன்று எவர்சில்வர் டம்ளர்கள் எடுத்துக்கொண்டேன். அடியில் ஒட்டுத்தாள் ஒட்டி எண் எழுதச் சொல்லி அக்காவிடம் கொடுத்தேன். பழம் அடியில் தங்கியிருக்கும் என்பதால் டின்னை மெல்ல உருட்டி, மூன்றிலும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். ஒன்றைப் படையலில் வை, இரண்டை வெளியே எங்கேயாவது வை, எது எங்கே என்று எனக்குச் சொல்லாதே என்றேன். தூசியும் புகையும் படாமல் மூன்றையும் தட்டுப் போட்டு மூடவும் சொன்னேன்.

"மூடி வெச்சா எப்டிடா குடிப்பாரு?" என்றாள் அக்கா.

மூன்றையும் திறந்தே வைப்பது என்று முடிவாயிற்று.

நான் வாசல் பக்கத்துச் சிட்அவுட்டில் போய் உட்கார்ந்தேன். உள்ளே கற்பூரம் காட்டி மணி அடிக்கிற சத்தம் கேட்டது. அறைக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. மாமா கூடத்தில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து மெட்டேயிடமிருந்து செய்தி வந்தது. இந்த மாத ராஸ்பெரி போன மாதத்ததுபோல இல்லையாம், அனுப்பலாமா நிறுத்தலாமா என்று கேட்டிருந்தாள். நீளமாகப் பதில் எழுத ஆரம்பித்தேன். தெருவில் ஒரு நாய்கூட நடமாடவில்லை. இவ்வளவு வெயிலில் கால் விரல்கள் ஏன் சில்லிட்டன என்று ஒரு தடவை தோன்றியது. காலை மடக்கி வைத்துக்கொண்டு தொடர்ந்து எழுதினேன்.

மாமா மூன்று தடவை கதவைத் தட்டித் திறந்தார். இலை அப்படியே இருந்தது. கறிக்குழம்பில் ஆடை கட்டியிருந்தது.

7

சமையலறையில் என் கண்ணைத் துண்டால் இறுக்கிக் கட்டினார் மாமா. அக்கா டம்ளர்களை இடம் மாற்றி ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்தாள்.

முதல் டம்ளர், மாம்பழம். இரண்டாவது, மாம்பழம், ஓரத்தில் லேசாகச் சாம்பிராணி. வீடு முழுவதும் புகையாக இருந்ததால் அதை நான் பொருட்படுத்தவில்லை. மூன்றாவதை வாயில் வைத்தேன். புளிப்பு இருந்தது. நுரை நாக்கில் குத்தியது. பழம் இல்லை. தேடித் தேடிப் பார்த்தேன், பழம் இருந்த இடம் மட்டும் இருந்தது.

"இதுதான்" என்றேன்.

"மாத்தி வெக்கிறேன், திருப்பிச் சொல்லு" என்றாள் அக்கா. அவள் குரல் மாறியிருந்தது. நான்கு தடவை மாற்றினாள். நான்கு தடவையும் ஒரே டம்ளரை எடுத்தேன். பிறகு மாமா கண்ணைக் கட்டிக்கொண்டு குடித்தார். அவருக்கு இந்த பீரில் என்ன இருக்க வேண்டும் என்றே தெரியாது. "இன்னாடா இது, ரெண்டுல மாங்கா வாசன தூக்குது, இதுல ஒண்ணியும் இல்ல" என்று அதையே எடுத்தார். டம்ளரில் ஏதாவது சோப்பு ஒட்டியிருக்குமோ என்று அந்த மிச்சத்தை வேறு பாத்திரத்துக்கு மாற்றி, அதே டம்ளரில் புது டின்னை உடைத்து ஊற்றிப் பார்த்தேன். மாம்பழம் கமகமவென்று வந்தது. டம்ளரில் குற்றம் இல்லை.

இதற்குமேல் எனக்குச் சோதிக்கத் தெரியாது. மேடையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஒரு வருடமாக வராத அழுகை. "வந்துட்டாருக்கா. நான் குட்த்தத வாங்கிகினாரு" என்று சொன்னேன்.

அக்கா அந்த டம்ளரைத் தூக்கி அடியில் பார்த்தாள். இன்னொரு தடவை பார்த்தாள்.

"பாலு. இது உள்ள வெச்சது இல்லடா."

"இன்னாக்கா சொல்ற?"

"உள்ள வெச்சது 382. நான்தான எழுதனேன். இது 417. இது படையல் பக்கமே போவல."

சாம்பிராணி வாசனை அடித்த டம்ளரை மாமா திருப்பிப் பார்த்தார். அதன் அடியில்தான் 382 இருந்தது.

"அப்ப இத எங்க வெச்ச?"

"ஒண்ண கிச்சன் மேடையில வெச்சேன். ரெண்டும் ஒரே எடத்துல இருக்க வேணாம்னு இத எடுத்துகினு சிட்அவுட்டுக்கு வந்தேன். வெக்க எடம் இல்ல. நீ குனிஞ்சி போன்ல எழுதிகினு இருந்த. உன் பக்கத்துல அப்பா சேரு காலியா இருந்துச்சு. அதுமேல வெச்சிட்டு வந்துட்டேன்." சொல்லிக்கொண்டே அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மூன்று பேரும் அங்கிருந்தபடியே சிட்அவுட்டைப் பார்த்தோம். வெயிலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு சாண் இடைவெளியில். ஒன்று நான் உட்கார்ந்திருந்தது. யாரும் அந்தப் பக்கம் போகவில்லை.

நாங்கள் கதவைச் சாத்திவிட்டு, அவர் உள்ளே வந்து சாப்பிடட்டும் என்று காத்திருந்தோம். அவர் உள்ளே போகவே இல்லை. கறிக்குழம்பு வேண்டாம், வஞ்சிரம் வேண்டாம், குவாட்டரும் வேண்டாம் என்று நேராக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறார். வருத்தம் உள்ளவர் அப்படி வந்து உட்கார மாட்டார். நான் தெரிந்துகொள்ளப் போனது அதுதான், தெரிந்துவிட்டது.

"அவரு உன் பக்கத்துல இருந்தப்ப உனக்கு ஒண்ணுமே தெரியலியாடா?" என்று அக்கா கேட்டாள். திட்டுவதற்காகக் கேட்கவில்லை, ஆசையாகக் கேட்டாள்.

பத்து நிமிடம் இருந்திருக்கிறார். நான் தலையைக் குனிந்து ராஸ்பெரி பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு தடவைகூட அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.